சீதேவிப்பிள்ளைக்கு இரண்டு மருமகன்

தேற்றாத்தீவுச் சீதேவிப்பிள்ளை பெற்றது ஒரேயொரு பெண்பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு வாய்த்ததும் ஒரேயொரு புருசன். இதில் கணக்குப் பிழைக்க வழியே இல்லை. ஆனாலும் சண்டைக் காலத்தில் மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையே பஸ்ஸில் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு இரண்டு மருமகன் என்றுதான் சொல்வார்கள். ஒருவன் வீட்டோடு இருந்த அழகரத்தினம். அடித்தாலும் வாய் திறவாத மனுசன். மற்றவன் கொழும்பில் இருந்தான். அவனுடைய வண்டவாளம் ஊருக்கெல்லாம் தெரியும். ஏனென்றால் அதைச் சொல்லிச் சொல்லித்தான் சீதேவிப்பிள்ளை அப்பம் சுட்டு விற்றாள்.

அவளுடைய கடை ஊருக்கு வடக்கே, பிரதான வீதியோரம், இராணுவச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் ஒரு பூவரச மரத்தின் கீழ் இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாலு கம்பு, மேலே ஒரு தறப்பாள், இருக்க ஒரு வாங்கு, அடுப்பு, அப்பச்சட்டி, அவ்வளவுதான். வருகிற பஸ்ஸெல்லாம் அங்கே நிற்க வேண்டும். சனமெல்லாம் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்பவும் ஏற வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும். வயிறு கடிக்கும். அப்படி நிற்கிற மனிதர் சும்மா நிற்பார்களா? மா விலை, மண்ணெண்ணெய் விலை, உரம் கிடைக்காத கதை, மருந்தில்லாத ஆசுபத்திரி, வெளிநாட்டில் வாங்கிக் குவிக்கிற ஆயுதம், வந்து பேசிவிட்டுப் போகிற வெள்ளைக்காரர் என்று ஆளுக்கொன்றைத் தொடங்குவார்கள். முடித்து வைப்பது சீதேவிப்பிள்ளை.

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில். பிறவிக் குணம் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, எதையும் சொல்லும். அவள் புருசன் சாமித்தம்பி தொண்ணூறாம் ஆண்டு ஒரு நாள் விடிய வயலுக்குப் போனவர், திரும்பவில்லை. கேட்கக்கூடிய இடமெல்லாம் போய்க் கேட்டாள். தெரியாது என்ற ஒரு சொல்லைத் தவிர எந்த மேசையிலும் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் வாய்க்குக் கதவில்லாமற் போனது.

இரண்டாயிரமாம் ஆண்டு, மா விலை இன்னொரு தரம் ஏறின சமயம். வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள். "சோத்துக்கு வழியில்ல, இவனுக்குக் கடல் தாண்டிப் போய்ப் பட்டம் வாங்கிவந்து விடுற விளையாட்டுக் கேக்குது!" பட்டம் என்று அவள் சொன்னது குண்டு போடுகிற கிபிர் விமானத்தை. பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் ஒருவனுக்கு அரைகுறையாகத் தமிழ் தெரியும். "அம்மே, யார ஏசுறது?" என்று கேட்டான். சீதேவிப்பிள்ளையின் அகப்பை அந்தரத்தில் நின்றது. யோசித்து வந்த பதில் இல்லை அது, தானாக வந்து விழுந்தது: "வேற யாரை ஐயா? என்ர மருமகனத்தான்!"

ஆமிக்காரன் தலையை ஆட்டினான். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவான் என்பதும், வீடு வளவை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாமிக்காரி குசினிப் பக்கம் ஒதுங்குவாள் என்பதும் இங்கே இருந்து இருந்து அவனுக்கும் தெரிந்திருந்தது. வந்து ஏறினவனை வீட்டுக்காரி ஏசாமல் வேறு யார் ஏசுவது? ஓர் அப்பத்தை வாங்கிக் கடித்துக்கொண்டு போனான்.

அவன் போனதும் வரிசையில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே! அன்றோடு அரசாங்கத்துக்கு மருமகன் என்று பேர் விழுந்துவிட்டது. ஒருவரும் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. "பொழுது படமுன்னம் படலையைச் சாத்துறான்" என்றால் ஊரடங்கு. "வேலை வெட்டியில்லாம இருந்து தின்னுறான்" என்றால் கொழும்பு மந்திரிமார். "தேர்தல்" என்ற சொல்லே வராது. "இவர் கும்பிட்டுக்கொண்டு வாற நாள் கிட்டுதாம்" என்பாள். வடக்கு வீட்டு அண்ணன் என்றால் இந்தியா. "சண்டையைத் தீர்க்க வந்த அண்ணன் சட்டி பானையை உடைச்சுப்போட்டுப் போனதுதான் மிச்சம்" என்று அவள் சொன்னால், இந்திய ஆமி வந்து நின்ற காலத்தைக் கண்டவர்கள் ஓம் ஓம் என்பார்கள். இப்போது சமாதானம் பேச வந்து வந்து போகிற வெள்ளைக்காரருக்குக் கலியாணத் தரகர் என்று பேர் வைத்தவர் ஆதம்பாவா. காத்தான்குடியில் இருந்து சைக்கிளில் உடுக்கிற சாரங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து ஊர் ஊராக விற்கிற மனுசன், அவளுக்கு அண்ணன் முறையில் காக்கா. "தரகர் ரெண்டு வீட்டிலயும் தேத்தண்ணி குடிக்கிறார் தங்கச்சி, பொருத்தந்தான் பாக்கிறாரில்ல" என்பார். களுதாவளை வெற்றிலைக்கார இளையதம்பிக்கு இதெல்லாம் கேட்காவிட்டால் பயணம் போன மாதிரியே இருக்காது. மட்டக்களப்பில் வெற்றிலை விற்பதைவிட இந்த வரிசையில் நிற்பதற்காகவே அவர் பஸ் ஏறுகிறார் என்று ஒரு கதை இருந்தது.

இப்படிச் சந்தியில் வாய் ஓயாதவள் வீட்டில் எப்படி இருந்தாள் என்கிறீர்கள்? உண்மை மருமகனோடு ஒரு வார்த்தை நேரே பேசினதில்லை. மாமி மருமகனுக்கு முன்னால் வந்து நின்று கதைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. "மருமகன் சாப்பிட்டாரா எண்டு கேளு புள்ள" என்று கதவுக்குப் பின்னால் நின்று மகள் யோகமலரிடம் கேட்பாள். அவனும் "மாமிக்குக் காய்ச்சலெண்டா மருந்து எடுத்துக் குடு" என்று அவளிடமே சொல்லுவான். அழகரத்தினம் நல்ல மேசன். ஆனால் சீமெந்தைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த காலம் அது. மூட்டை ஒன்றுக்கு ஆயிரம் கேள்வி, ஆயிரம் கையெழுத்து. சுவர் கட்டுவிக்க ஆளில்லை. கரண்டியைக் கழுவிக் கூரை இறப்பில் செருகிவிட்டு மனிதன் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தான். வளவைக் கூட்டுவான், தண்ணீர் அள்ளுவான், தேங்காய் உரிப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் கூச்சத்தோடு வருவான். யோகமலர் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

ஒரு நாள் காலை, மட்டக்களப்புப் பக்கம் ஏதாவது வேலை கிடைக்குமா பார்க்கலாம் என்று அழகரத்தினம் புறப்பட்டான். சீதேவிப்பிள்ளை கடையில் இல்லை. தேங்காய் முடிந்து வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வரிசை ஊமையாக நின்றது. இளையதம்பி வெற்றிலைக் கட்டைத் தூக்குவது போலக் குனிந்து அவள் காதுக்குள் சொன்னார்.

"மருமகன ஆமி பிடிச்சு ஒதுக்கிட்டான் கா."

"எந்த மருமகன?"

"மெய்யான மருமகன! பிடிச்சது அந்தத் தமிழ் தெரிஞ்ச ஆமிக்காரன்தான். மண்மூட்டைக்கு அங்கால கூட்டிப் போய் விரல நீட்டி நீட்டி விசாரிச்சான். மறுகா எங்கள வரிசையோட இஞ்சால தள்ளிட்டான்கள். என்ன நடந்ததெண்டு தெரியா."

சீதேவிப்பிள்ளைக்குக் கையிலிருந்த தேங்காய் உருண்டதும் தெரியவில்லை. இதற்குள் வேறென்ன இருக்கப்போகிறது? பிடிபட்டுவிட்டது. யார் அந்த மருமகன், என்ன பட்டம், எந்த அண்ணன் என்றெல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏசினது அவள், அகப்பட்டது அந்தச் சீவன். பொழுது பட்டது, அழகரத்தினம் வரவில்லை. போனவர் வராத வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குப் புதிதாக யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. யோகமலர் வாசல் படலையடியிலேயே நின்றாள்.

"அம்மா, அங்க நீங்க என்ன கதைச்சீங்க?"

"ஒண்டுமில்ல புள்ள."

"ஒண்டுமில்லாட்டி ஏன் அவரப் பிடிச்சவன்? அப்பாவப் போல இவரையும் நான் தேடித் திரியிறதா?"

சீதேவிப்பிள்ளை குசினிக்குள் போனாள். தன் வாயைத் தானே அறைந்துகொண்டாள், சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே அறைந்தாள்.

விடிந்ததும் முழுகி, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தினாள். ஒரு மாற்றுச் சேலையையும் துவாயையும் பையில் வைத்தாள். சாவடிக்குப் போய், "ஏசினது அரசாங்கத்த, ஏசினது நான், அவன் ஒண்டுமறியாத பிள்ளை, அவன விட்டுப்போட்டு என்னைப் பிடியுங்க" என்று சொல்லிவிடுவது என்று முடிவு. அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எத்தனை ஆயிரம் தரம் சுற்றி வளைத்துச் சொன்ன சொல்லை நேராகச் சொல்லப் போகிறாள். சாவடி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஆதம்பாவாவின் சைக்கிள் எதிரே வந்து நின்றது.

"எங்க தங்கச்சி, பையும் கையுமா? சம்பந்தி வீட்டயா?"

"என்ர மருமகன ஆமி பிடிச்சிட்டான் காக்கா!"

"பேய்க்கதை கதையாதங்க. நேத்துப் பின்னேரம் நான் வீட்ட போக்குள்ள குருக்கள்மடத்துத் துறையில கண்ட நான். அம்பிளாந்துறைக்குத் தோணி ஏறப் பாத்து நிண்டார்."

சீதேவிப்பிள்ளை அப்படியே றோட்டோரப் புல்லில் இருந்துவிட்டாள். "உசிரோடயா?" என்று கேட்டாள். உயிரில்லாதவன் தோணி ஏறுவானா என்று ஆதம்பாவா ஏசினார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கண்ணகை அம்மனுக்குப் பொங்கல், பிள்ளையாருக்கு மோதகம் என்று வாய்க்கு வந்த நேர்த்தியெல்லாம் வைத்தாள். உயிர் திரும்பி வந்ததும் பின்னாலேயே கோபமும் வந்தது.

"அப்ப ஏன் வீட்ட வரல்ல? பிள்ளைத்தாச்சியத் தவிக்க விட்டுட்டு அங்க என்ன வேல?"

ஆதம்பாவா நாலு பக்கமும் பார்த்துக் குரலைத் தணித்தார். "அந்த ஆமிக்காரன் இவரப் பிடிச்சது விசாரிக்க இல்ல தங்கச்சி, புத்தி சொல்ல. 'அம்மே பாவம். நீ வேலை இல்லாம சாப்பிடுறது சரியில்ல. அம்மேக்கு முன்னால கதவு பூட்டுறது சரியில்ல. அண்ணன் வந்து சட்டி பானை உடைக்கிறது சரியில்ல. பட்டம் விடுறது சரியே இல்ல' எண்டானாம். 'நான் எப்ப காக்கா பட்டம் விட்டன்' எண்டு கேட்டு அழுகிறார் மனுசன். ஊருக்கு முன்னால மாமி தன்னைத் தின்னி எண்டு சொல்லியிருக்கா, ஆமிக்காரனே இரக்கப்படுற அளவுக்குச் சொல்லியிருக்கா, இனி எந்த முகத்தோட அந்த வீட்டுச் சோத்தில கை வைக்கிறது எண்டுதான் தாய் வீட்ட போயிட்டார்."

"நீங்க சொல்லியிருக்கலாமே காக்கா, அது அவரில்ல எண்டு!"

"துறையில ஆமிச் சென்றி இரிக்கி. அவடத்த நிண்டு 'மருமகன் எண்டா அரசாங்கம் மனே' எண்டு விளக்கம் குடுக்க எனக்கென்ன விசரா?"

நியாயம்தான். சீதேவிப்பிள்ளை எழுந்து சேலையைத் தட்டினாள். யோகமலருக்கு ஆள் பத்திரம் என்று சொல்லச் சொல்லி ஆதம்பாவாவை அனுப்பிவிட்டு, சாவடியால் கடந்து போனாள். அந்த ஆமிக்காரன் அப்போது காவலில் இல்லை. குருக்கள்மடத்தில் தோணி ஏறி, வாவியைக் கடந்து படுவான்கரையில் இறங்கினாள். இக்கரை ஆமியின் கையில், அக்கரை இயக்கப் பொடியன்களின் கையில். அக்கரையில் அரசாங்கத்தை அரசாங்கம் என்றே சொல்லலாம். வேறு சில சொற்களைத்தான் சொல்லக்கூடாது. இரண்டு கரையிலும் வாயை வைத்துக்கொண்டு சீவிக்கிறது என்ன பாடு என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

சம்பந்தி அன்னப்பூரணி அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வா என்று சொல்லவில்லை. அழகரத்தினம் முற்றத்தில் வேலி கட்டிக்கொண்டிருந்தான். மாமியைக் கண்டு எழுந்து உள்ளே போகப் பார்த்தான். வழக்கப்படி அவள் சம்பந்தியிடம் சொல்லி, சம்பந்தி அவனிடம் சொல்ல வேண்டும். சீதேவிப்பிள்ளை வழக்கத்தை வாவியிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"மகன், நில்லுங்க. நான் உங்கள ஏசல்ல."

அவன் நின்றான், திரும்பவில்லை.

"நான் ஏசினது அரசாங்கத்த. ஆமிக்காரன் கேட்டான், பயத்தில மருமகன் எண்டு சொல்லிப்போட்டன். மறுகா அதையே சொல்லிப் பழகிட்டுது. கடையடியில நிக்கிற அவ்வளவு சனத்துக்கும் தெரியும். உங்களுக்கும் அந்த ஆமிக்காரனுக்குந்தான் தெரியாது."

அழகரத்தினம் மெதுவாகத் திரும்பினான். நம்பவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. "படலையைச் சாத்துறது?"

"ஊரடங்குச் சட்டம்."

"பட்டம்?"

"கிபிர்!"

"அண்ணன் வந்து சட்டி பானை உடைச்சதெண்டு... எனக்கு அண்ணனே இல்லயே மாமி."

"ஐயோ என்ர ராசா, அது இந்தியா!"

அன்னப்பூரணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அதையும் மீறி வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. கடைசியாக ஒன்று கேட்க இருந்தது, அதுதான் அவனை நித்திரை கொள்ளவிடாமல் வைத்தது. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "வேலை வெட்டியில்லாம இருந்து தின்னுறான் எண்டது?"

"அதுவும் அவன்தான். வேலை செய்யிறவன்ர கையக் கட்டி வச்சது ஆர்? சீமெந்த மறிச்சது ஆர்? உங்கட கரண்டி இறப்பில கிடக்கிறதுக்கு ஆர் காரணம்? அத நினைச்சு நினைச்சுத்தான் எனக்குப் பத்தி எரியிறது!" 'நீங்க' போய் 'நீ' வந்ததை அவளே கவனிக்கவில்லை. "நீ அள்ளி வச்ச தண்ணியிலதான் நான் மாக் குழைக்கிறன். நீ உரிச்ச தேங்காயிலதான் பால் பிழியிறன். உன்னப் போய் நான் தின்னி எண்டு சொல்லுவனா?"

"எங்கட சனத்தில எத்தன உறவு இருக்கு மாமி. ஏன் என்ர பேர வச்சீங்க?"

சீதேவிப்பிள்ளை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு ஆமிக்குப் பயம், பொலிசுக்குப் பயம், பொடியங்களுக்குப் பயம், வெள்ளைச் சட்டை போட்ட ஆரக் கண்டாலும் பயம். ஏசினா எனக்கு ஒண்டும் செய்யாத ஆம்பிளை எண்டு இந்த உலகத்தில நீ ஒராள்தான் மனே. அதுதான் உன்ர பேர் வாயில வந்திரிக்கும்."

அவன் வேலிக் கயிற்றைக் கீழே போட்டான். உள்ளே போய்ச் சேட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அன்னப்பூரணி இருவருக்கும் சோறு போட்டாள். சாப்பிடாமல் போகக்கூடாது என்று அவள் பிடித்த பிடியில், முகம் திருப்பிய காரியம் எல்லாருக்கும் மறந்துபோனது.

பின்னேரம் இருவரும் சோதனைச் சாவடிக்கு வந்தபோது ஒரு பஸ் நின்றது. மட்டக்களப்பில் வெற்றிலை விற்றுத் திரும்பிய இளையதம்பி வரிசையில் இருந்தார். அவரோடு வழமையான ஆட்கள் எல்லாரும். தமிழ் தெரிந்த ஆமிக்காரன் இப்போது காவலில் நின்றான். அழகரத்தினத்தைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மே! மருமகன் எப்பிடி? இப்ப நல்லமா?"

வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. இளையதம்பி கண்ணைச் சிமிட்டிச் சிரிப்புக்கு ஆயத்தமானார். இப்போது ஒரு வெட்டு வெட்டப் போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். சீதேவிப்பிள்ளை வரிசையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் தலையைக் குனிந்து நின்ற அழகரத்தினத்தைப் பார்த்தாள்.

"தங்கமான மருமகன் ஐயா!" என்றாள், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "இப்பிடி ஒரு மருமகன் ஏழு பிறப்புக்கும் கிடையாது. குணமெண்டா குணம், பொறுமையெண்டா பொறுமை. நான்தான் வாய்க்கொழுப்பில இல்லாததும் பொல்லாததும் சொல்லித் திரிஞ்ச நான். அவர்ல ஒரு பிழையும் இல்ல!"

வரிசை விறைத்துப்போனது. இளையதம்பியின் வாய் திறந்தபடியே நின்றது. "என்ன கா இது, ஒரு நாளைக்குள்ள?" என்றார். "கொழும்பு மருமகன் என்ன குடுத்தவராம்?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். "அடுத்த தேர்தல்ல நிக்கப் போறா போல" என்று இன்னொருவர். ஒரு பெண்பிள்ளை காறித் துப்பினாள். ஆமிக்காரனுக்கோ பூரிப்புத் தாங்கவில்லை. தான் சொன்ன புத்தி ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிட்டது என்று அழகரத்தினத்தின் தோளில் தட்டினான். "இப்ப சரி. இனி பட்டம் வேணாம்" என்றான்.

அவ்வளவுதான், அழகரத்தினத்துக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. கலியாணம் முடித்து வந்த நாளில் இருந்து அவன் பல்லைக் காணாத சீதேவிப்பிள்ளை, மண்மூட்டைக்கு முன்னால் நின்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைக் கண்டாள். யாரும் சிரிக்கிற இடமா அது! ஆமிக்காரனும் சேர்ந்து சிரித்தான். வரிசைக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

சாவடி தாண்டி வீட்டுப் பாதையில் இறங்கிய பிறகும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். தூரத்தில் படலையடியில் யோகமலர் நிற்பது தெரிந்தது. அவன் நடையைக் கொஞ்சம் எட்டி வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, மாமிக்காகப் பொறுத்து நின்றான்.

"மாமி, சனம் நல்லாக் கோவிச்சிட்டுது. நாளைக்கு ஒரு அப்பமும் விக்காது."

"விக்காட்டிப் போகுது," என்றாள் சீதேவிப்பிள்ளை. "நீ தின்னு மனே."